அத்தியாயம் 5: வேரோரப் பாக்டீரியாக்களை வயலில் வாழவைப்பது

பயறு விதையில் கலக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் பொட்டலம் ஒன்று 200 கிராம். அதில் ஒரு கிராம் தூளுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. பொட்டலம் முழுவதற்கும் கணக்கிட்டால் 1,000 கோடி. ஏக்கருக்கு விதைக்கிற 8 கிலோ உளுந்தில் ஏறத்தாழ 2 லட்சம் விதைகள் இருக்கும். ஆக, பொட்டலத்தை முழுதாகக் கலந்தால் விதை ஒன்றுக்கு 50,000 பாக்டீரியாக்கள். இதே பொட்டலம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்து, ஆயிரத்தில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தால் விதைக்கு வெறும் 50தான் மிஞ்சும். அப்போதும் பொட்டலத்தின் நிறம் மாறியிருக்காது, எடையும் குறைந்திருக்காது. விதை நேர்த்தி செய்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் விதைப்போம். வேரில் முடிச்சு வராது. ‘உயிர் உரமெல்லாம் சும்மா’ என்ற பேச்சு ஊருக்குள் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது.

யூரியா மூட்டை ஒரு வருடம் கிடந்தாலும் யூரியாவாகவே இருக்கும். பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை. தயாரித்த நாளிலிருந்து வேரைத் தொடும் நிமிடம் வரை அதற்கு ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், வேரை அடைந்த பிறகு தின்ன ஏதாவது வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற அளவுகள், நேரங்கள், சேர்க்கை விதிகள் எல்லாமே அந்த மூன்றையும் காப்பதற்காகத்தான்.

வேரோரத்தில் நடப்பது

பயிர் தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. சர்க்கரையோடு அங்கக அமிலங்களும் அமினோ அமிலங்களும் கசிகின்றன. இவற்றைத் தேடி நுண்ணுயிர்கள் கூடுவதால், வேரைச் சுற்றிய சில மில்லிமீட்டர் மண்ணில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சற்றுத் தள்ளியுள்ள மண்ணைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்குவரை அதிகம். ஜெர்மானிய விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர் 1904-ல் இந்தப் பகுதிக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். நாம் வாங்கிப் போடுகிற பாக்டீரியா ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் இந்த இடத்துக்குள் புகுந்து, அங்குள்ள உள்ளூர்ப் பாக்டீரியாக்களோடு போட்டியிட்டு இடம்பிடிக்க வேண்டும். எண்ணிக்கையும் உடல்வலுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அது தாக்குப்பிடிக்காது.

இடம்பிடித்தவை செய்யும் வேலைகளில் விவசாயிக்கு முக்கியமானவை மூன்று: காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கொடுப்பது, மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைப்பது, வேரைப் பெருக்கி நோயைத் தள்ளிவைப்பது.

பயறுக்கு ரைசோபியம்

பாக்டீரியாக்கள் பயிருக்குச் செய்யும் உதவிகளிலேயே மிக உறுதியாக நிறுவப்பட்டது இதுதான். பயறு வகைச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1880-களில் ஜெர்மனியில் நிரூபித்தார்கள். 1888-ல் நெதர்லாந்தின் பெயரிங்க் வேர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்துக் காட்டினார்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்துதான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைக்கும் நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது. அந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. அதனால் செடி வேரில் முடிச்சு கட்டி, பாக்டீரியாவை உள்ளே வைத்து, ஆக்சிஜனைத் தேவைக்கு மட்டும் அளந்து விடுகிறது. அப்படி அளந்து விடும் பொருள் நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவு. வேலை செய்கிற முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான். இந்த நிறத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வயலில் இறங்கிச் சோதிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறுக்கும் ஒத்துப்போகாது. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகியவை ஏறத்தாழ ஒரே குடும்பத்துப் பாக்டீரியாக்களை ஏற்றுக்கொள்கின்றன. கொண்டைக்கடலைக்கு வேறு இனம், சோயாவுக்கு வேறு இனம். முதன்முறையாகச் சோயா போடும் நிலத்தில் அதற்குரிய பாக்டீரியா பெரும்பாலும் இருக்காது. நேர்த்தி செய்யாமல் விதைத்தால் முடிச்சே இல்லாமல் செடி மஞ்சளாக நிற்கும். எனவே பொட்டலத்தில் ‘ரைசோபியம்’ என்று இருப்பதோடு நின்றுவிடாமல், எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

விதை நேர்த்தி செய்யும் முறை: ஏக்கருக்குத் தேவையான விதைக்கு ஒரு பொட்டலம். சோறு வடித்த கஞ்சியை நன்றாக ஆறவிட்டுக்கொள்ளுங்கள். விரலை விட்டால் சூடே தெரியக்கூடாது. சூட்டில் பாக்டீரியா செத்துவிடும்; சூடான பாலில் உறைமோர் ஊற்றினால் தயிர் உறையாததும் இதனால்தான். பொட்டலத்தூளைக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் ஊற்றிப் புரட்டி, ஒவ்வொரு விதையிலும் கருப்பாக ஒரு பூச்சு படியச் செய்யுங்கள். கஞ்சி அதிகமானால் விதை ஊறி உப்பும். விதையின் மேற்புறம் நனைகிற அளவு போதும். நிழலில் சாக்கின்மேல் பரப்பி அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். நேர்த்தி செய்த விதையை மூட்டையில் கட்டி ‘நாளை மறுநாள் மழை வந்தால் விதைக்கலாம்’ என்று வைத்தால், ஒட்டிய பாக்டீரியாவில் பெரும்பகுதி காய்ந்து செத்துவிடும்.

நிலக்கடலையைப் புரட்டும்போது கை மென்மையாக இருக்கட்டும். அதன் தோல் மெல்லியது. ஈரத்தில் அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும், தோல் உரிந்த பருப்பு மண்ணில் அழுகும்.

ரைசோபியம் போட்ட நிலத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டுவது கொடுத்ததைத் திரும்பப் பறிப்பது போலாகும். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் முடிச்சுகளுக்குச் சர்க்கரை செலவழிக்கச் செடிக்கு அவசியம் இல்லை. முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். இறவைப் பயறுக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து போதும். அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டாலே 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் யூரியா வேண்டாம்.

காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மெழுகுப் பதத்திலிருக்கும் மண்ணில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவுகிறார்கள். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரமும் பனியும்தான் அந்தப் பயிரின் முதலீடு. மண்ணில் எதையும் கலந்துவிட வழியே இல்லாத இந்தச் சாகுபடியில், விதையில் ஒட்டிக்கொண்டு போகும் பாக்டீரியாதான் பயிருக்கு நாம் கொடுத்தனுப்பும் ஒரே கட்டுச்சோறு. மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்ற நிலம் என்பதால் உள்ளூர் ரைசோபியமும் அங்கே குறைந்திருக்கக்கூடும். அப்படியிருந்தும் விதை நேர்த்தியை அதிகம் விட்டுவிடுவது இங்கேதான். அறுவடை அவசரத்தில் ‘தூவினால் போதும்’ என்று முடித்துவிடுகிறார்கள். வேறு எந்தப் பயிருக்கு விட்டாலும் நெல் தரிசு உளுந்துக்கு ரைசோபியம் நேர்த்தியை விடாதீர்கள். பூக்கும் பருவத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதற்கு முன் வேரில் அடித்தளம் இருக்க வேண்டும்.

நெல்லுக்கும் மற்ற தானியங்களுக்கும் அசோஸ்பைரில்லம்

இந்தப் பாக்டீரியாவை 1925-லேயே பெயரிங்க் கவனித்திருந்தார். அதன் பயனை உலகம் அறியச் செய்தவர் பிரேசிலில் பணியாற்றிய ஜோஹன்னா டோபரைனர். புல்வகைப் பயிர்களின் வேரோரத்தில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதை 1970-களில் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அசோஸ்பைரில்லம் என்ற பெயரே 1978-ல்தான் வந்தது. கரும்பின் தண்டுக்குள்ளேயே வாழும் குளுக்கோனசிட்டோபாக்டர் என்ற மற்றொரு பாக்டீரியாவும் அவருடைய குழுவின் கண்டுபிடிப்புதான்.

அசோஸ்பைரில்லம் முடிச்சு கட்டாது. வேரின் மேலேயும் வெளி அடுக்குகளிலும் தங்கி வாழும். ரைசோபியம் அளவுக்குத் தழைச்சத்தைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் பெரிய உதவி வேறு இடத்தில் இருக்கிறது. அது சுரக்கும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் அதிகமாகின்றன. அகலமாகப் பரவிய வேர், நாம் போடும் உரத்தையும் மண்ணின் ஈரத்தையும் கூடுதலாக எடுக்கிறது. மானாவாரிச் சோளத்திலும் கம்பிலும் நல்ல பலன் தெரிவதற்கு இந்த வேர்ப்பெருக்கமே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ‘காற்றிலிருந்து உரம் எடுத்துத் தரும், யூரியாவே வேண்டாம்’ என்று சொல்லி விற்பவர்கள் இந்த நல்ல பாக்டீரியாவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

நெல்லுக்கு மூன்று வேளைகளில் கொடுக்கலாம். விதையோடு ஏக்கருக்கு ஒரு பொட்டலம். ஊறவைக்கும் நீரில் கலந்தால் போதும். நடவுக்கு முன் நாற்றின் வேரை நனைக்க இரண்டு பொட்டலம். நடவு வயலுக்கு நான்கு பொட்டலம்.

வேர் நனைப்பதற்கு வாளியும் பாத்திரமும் தேடி அலைய வேண்டியதில்லை. நடப்போகும் வயலின் மூலையிலேயே சிறு பாத்தி கட்டி, நீர் விட்டு, தூளைக் கரைத்து, நாற்றுமுடிகளை வேர் முழுகும்படி கால்மணியிலிருந்து அரைமணி நேரம் அடுக்கி வையுங்கள். முதலில் வைத்த முடிகளை எடுத்து நடத் தொடங்கும்போது அடுத்தவை நனைந்துகொண்டிருக்கும். நடவு முடிந்ததும் பாத்தியில் மிஞ்சிய கரைசலை வயலிலேயே திறந்துவிடலாம். இயந்திர நடவு செய்பவர்களுக்குத் தட்டு நாற்றை இப்படி நனைப்பது கடினம். அவர்கள் பாய் நாற்றங்கால் மண்ணிலேயே கலந்துவிடுவது நல்லது.

வயலுக்கான நான்கு பொட்டலங்களை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண் இரண்டோடும் கலந்து சீராகத் தூவ வேண்டும். மாலை வேளை, வயலில் ஈரம் இருக்கும்போது. உச்சி வெயிலில் காய்ந்த மண்மேல் தூவினால் அன்று மாலைக்குள் பெரும்பகுதி போய்விடும்.

திரவ வடிவம் வாங்கினால் அளவு குறையும். அதில் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும். விதைக்கு ஏக்கருக்கு 50 மில்லி, வயலுக்கு 200 மில்லி என்பது வழக்கம். புட்டியில் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உரத்தை எவ்வளவு குறைக்கலாம்? பல ஆண்டுச் சோதனைகளின் அடிப்படையில் தழைச்சத்தில் கால் பங்கு என்று சொல்லப்படுகிறது. மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்று வைத்தால், கால் பங்கு 15 கிலோ. யூரியாவில் 33 கிலோ, அதாவது முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. முதல் போகத்திலேயே முழு வயலிலும் இதைக் குறைக்காதீர்கள். ஓரிரு பாத்திகளில் மட்டும் குறைத்துப் பாருங்கள். பயிர் சோர்ந்தால் மேலுரத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

பாஸ்போபாக்டீரியா: எங்கே உதவும், எங்கே உதவாது

இது மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மண்ணில் இருப்பதைக் கரைத்துத் தருகிறது. நாம் போடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் டி.ஏ.பி.யிலும் உள்ள மணிச்சத்தில் சிறு பங்கைத்தான் அந்தப் போகத்துப் பயிர் எடுக்கிறது. மீதி, கரிசலில் சுண்ணாம்போடும் செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிவிடுகிறது. பேசில்லஸ் மெகாடீரியம் போன்ற பாக்டீரியாக்கள் அங்கக அமிலங்களைச் சுரந்து அதை விடுவிக்கின்றன.

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால், ஆண்டுக்கணக்காகப் போட்ட டி.ஏ.பி. உங்கள் மண்ணில் சேர்ந்து கிடக்கிறது என்று பொருள். பாஸ்போபாக்டீரியாவுக்கு ஏற்ற வயல் அதுதான். மணிச்சத்து உரத்தையும் தைரியமாகக் குறைக்கலாம். அட்டையில் 11 கிலோவுக்கும் கீழே காட்டினால், பாக்டீரியாவை மட்டும் நம்பாமல் உரத்தையும் கொடுங்கள். அளவும் முறையும் அசோஸ்பைரில்லத்துக்குச் சொன்னவையே. இரண்டையும் சேர்த்தே கலக்கலாம். இரண்டோடு, இலைமேல் வாழும் மெத்திலோபாக்டீரியத்தையும் சேர்த்து ‘அசோபாஸ்மெட்’ என்ற பெயரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கலவையைத் தந்திருக்கிறது; மூன்று பொட்டலம் வாங்கும் வேலை மிச்சம்.

நோய் தடுக்கும் சூடோமோனாஸ்

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் வேரோரத்தில் மிக வேகமாக இடம்பிடிக்கும் பாக்டீரியா. மண்ணிலுள்ள இரும்பைத் தன்வசப்படுத்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது. இரும்பு கிடைக்காத நோய்ப் பூஞ்சைகள் தேய்கின்றன. பூஞ்சைகளைக் கொல்லும் பொருட்களையும் தானே உண்டாக்குகிறது. இதைவிட வியப்பானது, வேரில் இது குடியேறியதும் செடியின் இலைவரை தற்காப்பு விழித்துக்கொள்வது. நெல்லில் குலைநோய்க்கும் இலையுறை கருகலுக்கும் இதைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

நெல்லுக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் என்று ஒரு லிட்டர் நீரில் கலந்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்துவிட்டு, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம். வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ தொழு உரத்தோடு கலந்து இடலாம்.

இது மருந்தல்ல என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நோய் வந்து இலையெல்லாம் காய்ந்த பிறகு தெளித்துவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று சொல்வதில் நியாயம் இல்லை. விதையிலிருந்தே கூட இருந்தால்தான் இது பலன் தரும்.

எதோடு எதைச் சேர்க்கலாம்

பூஞ்சைக்கொல்லியால் விதை நேர்த்தி செய்வதானால் அதை முதலில் செய்து, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியமோ அசோஸ்பைரில்லமோ கலக்க வேண்டும். சூடோமோனாஸ் பயன்படுத்துபவர்கள் பூஞ்சைக்கொல்லி நேர்த்தியையே விட்டுவிட வேண்டும்; இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. சூடோமோனாஸும் உயிர் உரங்களும் ஒத்துப்போகும். சூடோமோனாஸை முதலில், ரைசோபியத்தை அடுத்ததாகப் பூசினால் சரி. கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றியிருந்தால் அதில் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அத்தகைய விதைக்கு நேர்த்தி செய்வதைவிட, பாக்டீரியாவைத் தொழு உரத்தோடு கலந்து சாலில் இடுவது பாதுகாப்பு.

யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், சாம்பல் எதனோடும் ஒரே குவியலில் கலக்கக் கூடாது. உப்புச் செறிவு பாக்டீரியாவின் உடலிலுள்ள நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும்; காரமும் அதற்கு ஆகாது. வேலை மிச்சம் என்று ஒரே அன்னக்கூடையில் கொட்டித் தூவுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பாக்டீரியாவுக்கான பணம் அங்கேயே வீண். உரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் சில நாட்கள் இடைவெளி விடுங்கள். தாமிரப் பூஞ்சைக்கொல்லியும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்துகளும் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்பவை. அவற்றை வேரில் ஊற்றியிருந்தால் இரண்டு வாரமாவது பொறுத்து, பிறகு பாக்டீரியாவைக் கொடுக்கலாம். குளோரின் கலந்த குழாய்நீர்தான் கிடைக்கிறது என்றால், முந்தின இரவே திறந்த தொட்டியில் பிடித்து வையுங்கள்.

வெல்லக் கரைசலில் போட்டு ட்ரம்மில் பெருக்கிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பெருகும், ஆனால் எது பெருகும் என்பதுதான் கேள்வி. வெல்லத்தைக் கண்டால் ட்ரம்மிலும் நீரிலும் காற்றிலும் உள்ள எல்லாமே பெருகும். அதில் நம் பாக்டீரியா எத்தனை என்று வயலில் நின்று சொல்ல முடியாது. சிக்கனம் வேண்டுமென்றால், நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சில நாள் வைத்து இடுவதே மேல்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைப்பதை முதலில் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பாக்டீரியாவின் பெயர், பயிரின் பெயர், எண்ணிக்கை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். தூள் வடிவம் பொதுவாக ஆறு மாதம், திரவம் ஓராண்டு வரை தாங்கும். முடிந்தவரை புதிதாகத் தயாரித்ததையே கேட்டு வாங்குங்கள்.

பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்த ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் ஈரமாக இருக்க வேண்டும். பொட்டலத்தை அமுக்கினால் பிடி பிடிக்கும். திருநீறு போல உதிர்ந்தால் வாங்காதீர்கள். டால்க் தூளில் வரும் சூடோமோனாஸ் இயல்பாகவே உலர்ந்துதான் இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். திரவப் புட்டி உப்பியிருந்தாலோ அழுகல் நாற்றம் அடித்தாலோ திருப்பிக் கொடுங்கள். பேசில்லஸ் இனங்கள் விதை போன்ற உறக்க வித்துகளாக மாறி வெப்பத்தைத் தாங்கும். ரைசோபியம், அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் மூன்றுக்கும் அந்தத் திறன் இல்லை. வண்டியின் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டுச் சந்தைக்குள் போகாதீர்கள். வீட்டில் மண்பானைக்கு அருகே, குளிர்ந்த இருண்ட மூலையில், பூச்சிமருந்துகளோடு சேர்க்காமல் வையுங்கள்.

மண் அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும்

தின்ன ஒன்றுமில்லாத மண்ணில் எந்தப் பாக்டீரியாவும் தங்காது. நம் மானாவாரி நிலங்கள் பலவற்றில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்ற பரிந்துரையை எட்ட முடியாதவர்கள் நடவுக்கு முன் தக்கைப்பூண்டையோ சணப்பையையோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். மணிலா அகத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. அது வேரில் மட்டுமின்றித் தண்டிலும் முடிச்சு கட்டும் செடி. நீர் தேங்கிய நிலத்திலும் தழைச்சத்தைச் சேர்க்கும். வைக்கோலையும் தட்டையையும் எரிப்பது, பாக்டீரியாவுக்கான தீனியை எரிப்பது.

நீலகிரி போன்ற புளிப்பு மண்ணில் சுண்ணாம்பும், களர் நிலத்தில் ஜிப்சமும் இட்டுச் சீர்செய்யாமல் பாக்டீரியா போடுவதில் பயனில்லை. தென்னைக்கு மரத்துக்கு 50 கிராம் வீதம் அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் தொழு உரத்தோடு கலந்து, தூரிலிருந்து தள்ளி, நுனி வேர்கள் இருக்கும் வட்டத்தில் இடுங்கள். தூரை ஒட்டிக் கொட்டினால் பலன் குறைவு.

வேலை செய்ததா என்று பார்ப்பது

பயறு விதைத்த 30-லிருந்து 35-ஆம் நாளில், வயலின் நான்கைந்து இடங்களில் செடியை மண்வெட்டியால் அடிமண்ணோடு பெயர்த்தெடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சே இல்லை என்று தவறாக முடிவு செய்துவிடுவோம். வாளி நீரில் வேரை மெல்ல அலசிப் பாருங்கள். ஆணிவேரின் மேற்பகுதியில் பருமனான முடிச்சுகள் கொத்தாக இருந்தால், விதையோடு போன பாக்டீரியா சரியான நேரத்தில் வேரைப் பிடித்திருக்கிறது. பக்கவேர்களில் சிறுசிறு மணிகள் சிதறிக் கிடந்தால், பின்னால் வந்து சேர்ந்த உள்ளூர்ப் பாக்டீரியாக்களின் வேலையாக இருக்கலாம். முடிச்சை நகத்தால் கீறுங்கள். இளஞ்சிவப்பு என்றால் நைட்ரஜன் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளையோ பச்சையோ சாம்பல் நிறமோ என்றால் வேலை தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது.

நூற்புழு தாக்கிய வேரிலும் கட்டிகள் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழுக் கட்டி வேரே வீங்கியது. தள்ளினால் வேர்தான் அறுந்து வரும்.

நெல்லுக்கும் சோளத்துக்கும் இப்படிக் கண்ணால் பார்க்க முடிச்சு இல்லை. அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. ஒரே நாளில் நட்ட, ஒரே மண்ணான வயலில் ஒரு பாத்தியை மட்டும் பாக்டீரியா கொடுக்காமல் விடுங்கள். வரப்பு ஓரமோ மரநிழலோ அந்தப் பாத்தியில் படக்கூடாது. வாய்மடைக்கு அருகிலும் வேண்டாம். அங்கே பயிர் எப்போதுமே வேறாக இருக்கும். நட்ட மூன்றாவது வாரத்தில் இரண்டு பக்கத்திலும் சில குத்துகளைத் தோண்டி, வேரின் நீளத்தையும் அடர்த்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தூர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடையில் அந்தப் பாத்தியின் நெல்லையும், அதே பரப்பளவுள்ள பக்கத்துப் பாத்தியின் நெல்லையும் தனித்தனியாக அடித்து, காயவைத்து, எடை போட்டு, எந்தத் தேதியில் தயாரித்த பொட்டலம், என்ன உரம், எவ்வளவு மழை என்பதோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.